கரடி வாங்கிய பழைய பார்கோடு

ஒரு காட்டில் கரடி ஒன்று இருந்தது. பெயர் வெள்ளைத்தாய். கரடிக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் கதை நகராது.

வெள்ளைத்தாயிடம் முப்பது குப்பி தேன் இருந்தது. ஒரு வருஷம் மரம் மரமாக ஏறி, மூக்கில் கொட்டு வாங்கிச் சேர்த்தது. மழை பிடித்தால் குகைக்குள் ஈரம் இறங்கும், தேன் புளித்துப்போகும். அதற்குள் விற்றாக வேண்டும். முன்பெல்லாம் ஆற்றங்கரைச் சந்தையில் கொண்டுபோய் வைத்தால் போதும். இப்போது அங்கே ஈ காக்கை கிடையாது. எல்லா மிருகமும் படுத்தபடியே போனில் வாங்குகிறது. வெள்ளைத்தாயும் போனைத் தட்டிப் பார்த்தது. ஆன்லைன் கடையில் பொருளை ஏற்ற முதலில் பார்கோடு எண் கேட்டது.

எண் கொடுக்கும் அலுவலகத்தில் நரி உட்கார்ந்திருந்தது. நரி என்றதும் ஏமாற்றும் என்று நினைப்பீர்கள். இந்த நரி சட்டப்படிதான் நடக்கும். தொல்லையே அதுதான். படிவம் நிரப்பச் சொன்னது. குகை சொந்தம் என்பதற்குச் சான்று கேட்டது. எல்லாம் கொடுத்த பிறகு, வரிசைப்படி எண் மழைக்கு அப்புறம் வரும் என்றது.

"மழை வந்தா தேன் புளிச்சிடும் சார்" என்றது கரடி.

"புளிச்சா அது வேற பொருள்மா. அதுக்குத் தனிப் படிவம்."

வாசலில் ஒரு முயல் நின்றது. பெயர் சேர்மக்கனி. வெள்ளைவெளேரென்று, பார்த்தாலே பாவமாக இருக்கும். கடையை மூடிப் போனவர்களின் எண்களை மொத்தமாக அள்ளி வந்து சில்லறையில் விற்பது அதன் பிழைப்பு. இரண்டு தேனடைக்கு ஒரு எண் தருவதாகச் சொன்னது. தங்கக் கரை போட்ட சான்றிதழ் இலவசம். யாருடைய எண் என்று கரடி விசாரித்தது.

"ஆளு போய்ச் சேர்ந்துட்டாரு அக்கா. நம்பர் நல்லா திடமா இருக்கு."

வாங்கியாயிற்று. குகைக்கு வந்து எண்ணைப் போட்டதும் திரையில் வந்து நின்றது: 'முள்ளம்பன்றி கோமதிநாயகம் கூந்தல் தைலம். நாலரை ஸ்டார்.' முள்ளம்பன்றிக்கும் கூந்தலுக்கும் என்ன சம்பந்தம் என்று காட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை போல. பெயரைத் தேன் என்று மாற்றப் பார்த்தது கரடி. மாறவில்லை. புகார்ப் பிரிவில் இருந்த கிளிக்கு நான்கு முறை எழுதியது. நான்கு முறையும் ஒரே பதில்: 'எண் சரியாக உள்ளது. சரக்கைச் சரிபார்க்கவும்.'

மறுபடி முயலிடம் ஓடியது. முயல் அசரவில்லை.

"நாலரை ஸ்டார் சும்மா கிடைக்குமா அக்கா? வாயை மூடிக்கிட்டு அனுப்புங்க."

மேற்கே மேகம் கறுத்தது. வெள்ளைத்தாய் அனுப்பியது. மோந்து பார்த்தாவது தேன் என்று தெரிந்துகொள்வார்கள், நக்கிக்கொள்வார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டது.

ஒருத்தரும் மோந்து பார்க்கவில்லை. முதல் குப்பியை வாங்கியது வழுக்கை விழத் தொடங்கிய ஒரு குரங்கு. கல்யாணம் வேறு நிச்சயமாகியிருந்தது. முழுக் குப்பியையும் தலையில் கவிழ்த்தது. மிச்சமிருந்த முடியெல்லாம் மண்டையோடு ஒட்டிக்கொண்டது. குரங்கு எழுதியது: 'மூன்று நாளாக ஒரு முடி உதிரவில்லை. சீப்பு உள்ளே போனால் வெளியே வருவதில்லை, அவ்வளவு அடர்த்தி. ஐந்து ஸ்டார்.' ஒரு கிழட்டு மிளா மான் எழுதியது: 'எறும்பு மொய்க்கிறது. கெமிக்கல் இல்லை என்பதற்கு வேறென்ன அத்தாட்சி?'

முப்பது குப்பியும் மழைக்கு முன்பே தீர்ந்தது. வெள்ளைத்தாய் மூன்று மாதம் நன்றாகத் தின்று தூங்கியது. மனசு மட்டும் உறுத்தியது.

மழை நின்றதும் நரி எண்ணைக் கொடுத்தது. சொன்ன தேதிக்கே கொடுத்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த வருஷத் தேனை வெள்ளைத்தாய் சொந்த எண்ணில், சொந்தப் பெயரில், தேன் என்றே போட்டது. ஸ்டார் கிடையாது. விற்றது ஒரே ஒரு குப்பி. வாங்கியது அதே குரங்கு, மனைவி தின்ன ஆசைப்பட்டாள் என்று. திறந்ததும் தன் தலையில் அடிக்கும் அதே வாசனை. உடனே எழுதியது: 'கூந்தல் தைலத்தைக் குப்பி மாற்றித் தேன் என்று விற்கிறார்கள். வாயில் வைத்துவிட்டோம். உயிருக்கு ஆபத்து இல்லையே?'

நரி விசாரணைக்கு வந்தது. அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்த குரங்கின் பழைய தைலக் குப்பியையும் புதுத் தேன் குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தது. முறையாகத்தான் சோதித்தது.

"ரெண்டும் ஒண்ணுதான்மா. முதல்ல வந்தது தைலம். அப்போ உன்னோடது போலி."

"ரெண்டுமே நான் எடுத்த தேன் சார்."

"அப்படின்னா கோமதிநாயகம் கையெழுத்து போட்டுத் தரட்டும்" என்று படிவத்தை நீட்டியது.

மழைக்கு நாலு நாள்தான் இருந்தது. வெள்ளைத்தாய் படிவத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தது. பிறகு குகைக்குப் போய், குப்பிகளில் இருந்த சொந்த எண்ணை நகத்தால் சுரண்டி எடுத்தது. முள்ளம்பன்றியின் எண்ணை ஒட்டியது. அதற்குக் கீழே தன் கையாலேயே எழுதியது: 'வெளி உபயோகத்துக்கு மட்டும். தப்பித் தவறியும் நக்காதீர்கள்.'

மறுநாள் மத்தியானத்துக்குள் அத்தனையும் தீர்ந்தது.

நீதி: உன் பெயரில் விற்றால் நல்ல தேனும் போலி. செத்தவன் ஒருவனைக் காலத்தோடு தேடிக்கொள்.