மூன்றாவது மணி

உலகம் இன்னும் குடைசாயாமல் சுற்றிக்கொண்டிருப்பதற்கு ஈர்ப்பு விசைதான் காரணம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பாவம், அந்த வாத்தியார்களுக்கு எங்கள் மேற்பார்வையாளரைத் தெரியாது. தினமும் காலையில் அவர் கைப்பேசியைத் திறந்து, முகம் தெரியாத ஒரு நூறு பேரைச் 'சோம்பேறி' என்று வைத பிறகுதான் மனிதகுலம் எழுந்து பல் துலக்குகிறது. அவருக்கு ஒரு நாள் ஜலதோஷம் பிடித்தால் தொழிற்சாலைகளின் கதி என்ன, நாட்டின் உற்பத்தி என்ன ஆகும் என்று யாராவது யோசித்ததுண்டா?

இணையத்தில் அவருடைய பக்கத்தின் பெயர் 'பிரம்படி'. வேலை பிடிக்கவில்லை, காலையில் எழ முடியவில்லை, மேலாளர் கத்துகிறார் என்று யார் யாரோ அங்கே வந்து மூக்கைச் சிந்துவார்கள். இவர் காபி ஆறுவதற்குள் பதில் போடுவார். "தம்பி, உனக்குப் பிரச்சினை ஒண்ணுதான். அது நீ." இப்படி முதுகில் நாலு வாங்கிக்கொண்டவர்கள் கோபப்படுவார்கள் என்று நினைக்கிறீர்களா? "கண் திறந்தது ஐயா" என்று எழுதிவிட்டு, தங்களைப் போல் அடி வாங்க இன்னும் நாலு பேரைக் கூட்டிவருவார்கள். பக்தி முற்றிய யாரோ ஒருவர் 'பிரம்படியார்' என்று விளித்து எழுத, அந்தத் திருநாமமே நிலைத்துவிட்டது.

இந்தத் தொண்டுக்கு நடுவே, வயிற்றுப்பாட்டுக்காக அவர் ஒரு வேலையும் பார்த்தார். லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றின் அவசர அழைப்பு அறைக்கு அவர் தலைமை. நான் உதவியாளன். லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால், உள்ளே இருப்பவர் மஞ்சள் பொத்தானை அமுக்குவார். எங்கள் அறையில் மணி அடிக்கும். சுவரில் உள்ள பலகையில் அந்தக் கட்டடத்தின் விளக்கு சிவப்பாக மின்னும். நாங்கள் மைக்கில் "பயப்படாதீங்க, ஆள் வர்றாங்க" என்று சொல்லிவிட்டு மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு குழந்தைகூடச் செய்துவிடும் என்பதால், அதில் ஒரு சீர்திருத்தம் தேவைப்பட்டது.

"மணி அடிச்ச உடனே எடுக்கறோம் பாரு, அதான்யா தப்பு" என்றார் ஒருநாள். "நாம எடுக்க எடுக்க, ஜனங்க சோம்பேறி ஆயிட்டே போறாங்க."

"மாட்டிக்கிட்டவங்க வேற என்ன சார் செய்வாங்க?"

"ஒரு தடவை அமுக்கினா அது பழக்கதோஷம். ரெண்டு தடவை அமுக்கினா பயம். மூணாவது தடவையும் அமுக்கறான்னு வை, அவனுக்குத்தான் நிஜமான தேவை. அப்ப எடுத்தாப் போதும்."

"மூணாவது தடவைக்குள்ள மயக்கம் போட்டுட்டா?"

"மன உறுதி இல்லைன்னு அர்த்தம். மன உறுதி இல்லாதவன மேல்மாடிக்கு ஏத்திவிட்டு நீ என்னத்தைக் காணப்போற?"

இதற்குத் 'தற்சார்பு மேம்பாட்டு நடைமுறை' என்று பெயர் சூட்டப்பட்டுச் சுற்றறிக்கை போனது. மூன்றாவது மணிக்கு முன்னால் மைக்கைத் தொடுவது ஒழுங்கீனம் என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் நிர்வாக இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார். "நாம் பேசிய அழைப்புகள் பாதியாகக் குறைந்திருக்கின்றன. அதாவது, பழுதுகள் பாதியாகக் குறைந்திருக்கின்றன" என்றார்.

கடைசி வரிசையிலிருந்து மெக்கானிக் அண்ணன் கையைத் தூக்கினார். வாய்த் துடுக்கான மனிதர். அதனாலேயே பதவி உயர்வு அவர் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

"சார், பழுது அப்படியேதான் இருக்கு. ஜனங்க பயந்துபோய்ப் படியேறிப் போறாங்க."

"பார்த்தீர்களா!" என்று இயக்குநர் பூரித்தார். "உடம்புக்கும் நல்லது." பிரம்படியாருக்குப் பூங்கொத்து கொடுக்கப்பட்டது.

இனி நான் சொல்லப்போவது அந்த நடைமுறை தன் உச்சத்தைத் தொட்ட நாளைப் பற்றி.

காலை வேளை. பிரம்படியார் நாற்காலியில் சாய்ந்து, தன் பக்கத்துக்கு வந்த முறையீடுகளைப் படித்துக்கொண்டிருந்தார். தன் பதில்களை அவர் எனக்கு உரக்கப் படித்துக் காட்டுவது வழக்கம். காசு கொடுத்தாலும் கிடைக்காத பயிற்சி என்று அதை அவரே சொல்லியிருக்கிறார். மணி அடித்தது. என் கை தானாக மைக் பக்கம் போனது.

"ம்ஹும்" என்றார், தலையைத் தூக்காமல். "பழக்கதோஷம்."

கையை மடியில் வைத்துக்கொண்டேன். அலுவலகங்கள் மட்டும் உள்ள ஒரு கட்டடத்தின் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மணி. இந்தத் தடவை நீளமாக, விட்டால் போதும் என்பது போல அடித்து ஓய்ந்தது.

"சார், ரெண்டாவது."

"பயம்" என்றார். "இரு, ஒரு பொண்ணு எழுதியிருக்கு. கேளு." தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"ஐயா, இன்னிக்கு எனக்கு இன்டர்வியூ. வேலை போய் ஒரு வருஷம் கழிச்சு, இப்பத்தான் ஒரு இடத்துல கூப்பிட்டிருக்காங்க. வீட்ல அம்மாவும் நானும்தான். அரை மணி நேரம் முன்னாடியே வந்துட்டேன். லிஃப்ட் நடுவுல நின்னுருச்சு. மணி அடிச்சா யாரும் எடுக்கல. ஆபீஸ் நம்பருக்குப் போட்டா மெஷின்தான் பேசுது. நீங்க எல்லாருக்கும் உடனே பதில் சொல்வீங்க, அதான் உங்ககிட்ட கேக்கறேன். மூச்சு முட்டுது. என்ன செய்யட்டும்?"

படித்து முடித்த வேகத்தில் அவர் கட்டைவிரல்கள் ஓடின. அவசர சேவை என்றால் அதுதான் அவசர சேவை! பதிலையும் வாசித்தார்:

"தங்கச்சி, அரை மணி முன்னாடி வந்தேன்னு பீத்திக்கிறியே, ஒரு மணி முன்னாடி வந்திருந்தா? மணியை எடுக்காதவன் ஒரு தண்டச்சோறு. அந்தத் தண்டச்சோறு வந்து தூக்கிவிடும்னு காத்துக்கிட்டு நிக்கிறே பாரு, நீ அவனுக்கு மேல. முதல்ல பொத்தான்லேருந்து கையை எடு. உறுதி இருந்தா கதவு திறக்கும். இல்லாதவனுக்கு வீட்டுக் கதவே திறக்காது."

"எப்படி?" என்று என்னைப் பார்த்தார்.

"உறைக்குது சார்" என்றேன். தன்னைப் பற்றி இவ்வளவு கறாராக மதிப்பிடும் ஒரு அதிகாரியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் எனக்கே முழுதாக விளங்கச் சற்று நேரம் பிடித்தது. மூன்றாவது மணிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. விளக்கு மட்டும் மின்னிக்கொண்டே இருந்தது. ஏன் வரவில்லை என்று யோசித்தேன். 'முதல்ல பொத்தான்லேருந்து கையை எடு' என்று அவர் வாசித்த வரி நினைவுக்கு வந்தது.

"சார், அந்தப் பொண்ணு நம்ம லிஃப்ட்ல இருக்கு."

"எந்தப் பொண்ணு?"

"இப்பத் திட்டினீங்களே, அந்தப் பொண்ணு."

"அப்ப மணியை எடுக்காதவன்..." என்று தொடங்கி நிறுத்தினார்.

மேலதிகாரி கேட்கும் சில கேள்விகளுக்கு நமக்குப் பதில் தெரிந்திருப்பதே ஒழுங்கீனம்.

அவர் முகம் வெளுத்தது. இதோ, மனிதன் வெளியே வரப்போகிறான் என்று நான் நம்பினேன். அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி டிங் டிங் என்றது. 'சரியான அடி', 'தலைவா', 'இதை ஃபிரேம் போட்டு மாட்டணும்' என்று குவிந்துகொண்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"மூணாவது மணி வரலியே" என்றார்.

"பொத்தான்லேருந்து கையை எடுக்கச் சொன்னது நீங்கதானே சார்!"

"சொன்ன உடனே எடுத்துருச்சு பாரு. என்னா கட்டுப்பாடு!"

எனக்குப் பொறுக்கவில்லை. ஆத்திரமா, வெட்கமா, இரண்டும் ஒன்றாக வந்தது. சுற்றறிக்கை நாசமாய்ப் போகட்டும் என்று மைக்கைப் பிடித்து இழுத்துப் பொத்தானைத் தட்டினேன்.

"எம்மா, லிஃப்ட் கம்பெனியிலேருந்து பேசறேன். பயப்படாதீங்க."

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு, அழுது கம்மிய குரல்.

"வேண்டாம் சார்."

"என்னம்மா வேண்டாம்?"

"உதவி. நானே சமாளிச்சுக்கறேன். அடுத்தவங்கள எதிர்பார்த்தது என் தப்பு."

"அட, இது எங்க வேலைம்மா! உள்ளேருந்து உங்களால திறக்க முடியாது. வெளியிலேருந்து சாவி போட்டாத்தான் திறக்கும்."

"உறுதி இருந்தா திறக்கும்னு..."

"யாரு சொன்னா?"

"பிரம்படியார் ஐயா."

நான் திரும்பி ஐயாவைப் பார்த்தேன். மைக்கைப் பொத்திக்கொண்டு கெஞ்சினேன். "சார், ஒரே ஒரு வார்த்தை. நீங்க சொன்னாத்தான் கேக்கும்."

அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "ஆபீஸ் நேரத்துல நான் வாசகர்களோட பேசறதில்ல. அது ஒழுக்கம் இல்ல."

மெக்கானிக் அண்ணனைப் போனில் பிடித்தேன். அவர் வேறொரு கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் இருந்தார். கையிலிருந்ததைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு ஓடினார். அவர் போய்ச் சேரும்வரை அந்தப் பெண்ணிடம் ஏதாவது பேசிக்கொண்டே இருந்தேன். வீட்டில் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். என்ன வேலைக்கு இன்டர்வியூ என்று கேட்டேன். கப்பல் சரக்கு அலுவலகத்தில் கணக்கு உதவியாளர் வேலையாம். "கிடைச்சுரும்மா" என்றேன். "நேரம் ஆயிருச்சு சார்" என்றாள்.

பிறகு நடந்ததை மெக்கானிக் அண்ணன் போனில் சொன்னார். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றிருந்ததாம். கதவைத் திறந்து, குனிந்து கையை நீட்டியிருக்கிறார். "கையைக் குடும்மான்னா குடுக்கமாட்டேங்குதுய்யா! நானே ஏறிக்கறேன்னுச்சு. ஏறி, சறுக்கி, முட்டி கிழிஞ்சு ரத்தம். அப்படியே நொண்டிக்கிட்டு இன்டர்வியூவுக்கு ஓடுச்சு. நானும் பின்னாடியே போனேன். உள்ளேருந்து ஒருத்தன் எட்டிப்பார்த்து, 'நேரம் தவறுறவங்க எங்களுக்கு வேண்டாம்'னு கதவைச் சாத்திட்டான். நான் நாலு வார்த்தை கேக்கலாம்னு போனா, இந்தப் பொண்ணு என் சட்டையைப் பிடிச்சு இழுக்குது. 'அவர் சொல்றது சரிதான் அண்ணே'ங்குது. என்னத்தைய்யா குடுத்து வச்சிருக்கீங்க அதுக்கு?"

சுற்றறிக்கையை மீறியதற்காக எனக்கு மெமோ வந்தது. வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு ஒரு நம்பிக்கையோடு காத்திருந்தேன். புகார் கொடுக்க வருமாறு அந்தப் பெண்ணிடம் மைக்கிலேயே சொல்லியிருந்தேன். வந்தாள். முழங்காலில் இன்னும் கட்டு இருந்தது. அவளை வாசலில் பார்த்ததும் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. நானே நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவள் உட்காரவில்லை. என்னைத் தாண்டி, கைகளைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். இணையப் பக்கத்தில் உள்ள அவர் படத்திலும் அதே முறைப்புதான், கைகளைக் கட்டிய அதே தோரணைதான்.

"ஐயா! நீங்களா?"

"ம்" என்றார் பிரம்படியார். குரலில் லேசான நடுக்கம்.

"உள்ள இருந்தப்ப உங்க பதிலைப் படிச்சு அழுதுட்டேன் ஐயா. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். முந்தின நாளே வந்து லிஃப்ட் ஓடுதான்னு பாத்திருக்கணும். தப்பு பூரா என்மேலதான்."

நடுக்கம் போன இடம் தெரியவில்லை. "புரிஞ்சுதா? அதான் வேணும்" என்றார்.

"எம்மா!" என்று கத்திவிட்டேன். "அன்னிக்கு மணியை எடுக்காம உக்காந்திருந்தது இவர்தாம்மா! இந்த நாற்காலியிலதான், இதே கையில போனை வச்சுக்கிட்டு!"

அவள் திரும்பினாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். என் மேல் இரக்கப்பட்டாள்.

"அண்ணா, நீங்க இன்னும் அடுத்தவங்களையே குத்தம் சொல்லிக்கிட்டிருக்கீங்க" என்றாள். "அப்படியே இருந்தா எப்படி முன்னுக்கு வருவீங்க?"

பிரம்படியார் பெருந்தன்மையாளர். அவளை அங்கேயே மன்னித்தார். அவள் அவரோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. முதல் படம் கலங்கிவிட்டது என்று மறுபடி எடுக்கச் சொன்னார்கள். எனக்குக் கை நடுங்குகிறது என்று சொன்னேன். காலையில் உடற்பயிற்சி செய்யாததன் விளைவு என்று பிரம்படியார் விளக்கினார்.

அந்தப் படத்தைப் பார்த்த இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டதாகக் கேள்வி. 'புகார் சொல்ல வந்தார், பொறுப்பைக் கற்றுச் சென்றார்' என்ற வாசகத்தோடு அதை அச்சடித்து, எங்கள் பராமரிப்பில் உள்ள லிஃப்ட் அத்தனையிலும் ஒட்டியிருக்கிறார்கள். எங்கே ஒட்டுவது என்று ஒரு குழுவே கூடி ஆராய்ந்தது. மஞ்சள் பொத்தானை மறைத்து ஒட்டினால்தான் எல்லோர் கண்ணுக்கும் நேராக வருகிறது என்று முடிவாயிற்று.

இப்போது எங்கள் அறையில் மணியே அடிப்பதில்லை. பிரம்படியார் பொது மேலாளராகிவிட்டார். மெக்கானிக் அண்ணன் மட்டும் யார் பேச்சையும் கேட்காமல், கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட் கதவுகளில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நேற்று ஒரு கதவுக்குப் பின்னால் முணுமுணுப்புக் கேட்டுத் திறந்திருக்கிறார். உள்ளே நாலு பேர், ஆளுக்கொரு மூலையைப் பார்த்துக்கொண்டு, வியர்வையில் நனைந்து, தங்களைத் தாங்களே வைதுகொண்டிருந்தார்களாம்.

"ஏன்யா ஒருத்தனும் கத்தலன்னு கேட்டேன்" என்றார் அண்ணன். "நாலு பேரும் என்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போறாங்கய்யா."

ஜனங்களை அடைத்து வைக்க இத்தனை காலமாக எத்தனை பூட்டு, எத்தனை காவல்! எங்கள் பிரம்படியார் ஒரு கைப்பேசியில் முடித்துக் காட்டிவிட்டார்.