எடை ஒன்றானால் எல்லோரும் ஒன்று

உலகம் இதுவரை கண்ட சமத்துவவாதிகளில் தலையாயவர் பெரியநாயக்கன்பாளையம் சீனிவாசலு. அவருடைய சோதனைச்சாலையில் வேலை பார்க்கும் லின்சிக்கே இந்த உண்மை ஒரு செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில்தான் தெரியவந்தது.

அதற்கு முன் அங்கே தண்ணீரைச் சோதிக்கும் மிஷினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கண்டதும் கலந்து கிடக்கும் தண்ணீரைக் கொடுத்தால், மூலக்கூறுகளுக்கு மின்னேற்றி, வாயு நிரம்பிய குழாய்க்குள் விரட்டும். காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட் கூட்டம் மாதிரிதான். ஒடுங்கிய உடம்புக்காரர் புகுந்து போய்விடுவார். கையைக் காலைப் பரப்பியவர் பிந்துவார். அப்புறம் ஒவ்வொன்றையும் எடை போடும். எடையில் இரட்டைப் பிள்ளைகளாக இருப்பவைகூட உருவத்தில் பிடிபட்டுவிடும். இத்தகைய மிஷினுக்குச் சக்கரம் இல்லையே என்று வருந்தி, மேஜைக் காலடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூஜை போட்டவர் சீனிவாசலு.

பக்கத்து ஊர்ப் பூவாத்தாள் சோதிக்கக் கொண்டுவந்த கிணற்றுத் தண்ணீரில் அப்படி ஓர் இரட்டை சிக்கியது. ஒன்று சாது. மற்றது ஈரலைக் கெடுக்கும் சாயக்கழிவு. கிணற்றுக்கு மேற்கே இருக்கும் சாயப்பட்டறை சீனிவாசலுவின் மச்சினருடையது என்பது வெறும் பூகோளத் தகவல். பூவாத்தாள் வீட்டில் ஐந்து பேர் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

"ரெண்டுக்கும் எடை ஒண்ணுதானே அம்மணி?" என்று மீட்டிங்கில் லின்சியிடம் கேட்டார் சீனிவாசலு.

"ஒண்ணுதானுங்க சார். உருவம் வேறங்க. குழாயில தனித்தனியா வந்துச்சுங்க."

"உருவத்தைப் பாத்துப் பிரிக்கறது பாவம் கண்ணு. உங்க ஏசுவும் அதைத்தானே சொன்னாரு?"

மேனேஜர் ஜெரால்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பக் குழாயை நிறுத்திப்போட்டு எடை மட்டும் பாக்கலாமுங்க. கேஸும் மிச்சமுங்க."

"பாகுபாடற்ற பகுப்பாய்வு" என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. லின்சி கை தூக்கவில்லை. அதை "மௌன ஆதரவு" என்று குறித்துக்கொண்டார்கள். சீனிவாசலு அவசரமாகக் கிளம்பினார். பேத்தி மேக்னாவுக்கு வந்த பதினோராவது ஜாதகத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. பையனின் படிப்பு, வேலை, உயரம் எல்லாம் பிரமாதம். உட்பிரிவுதான் வேறு.

ரிப்போர்ட் தயாரானது: "இரு கூறுகளும் ஒரே கூறாகக் கருதப்பட்டன. தீங்கற்றது." கையெழுத்துப் போட்டபோது லின்சிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. வேலை போய்விடுமே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மூன்று மணிக்குப் பூவாத்தாள் வந்தாள்.

"ஏனுங்க அம்மணி, குடிக்கலாமுன்னு போட்டிருக்குதுங்களா?"

லின்சி தாளை நீட்டினாள். பூவாத்தாள் பிடித்த பிறகும் அவள் விடவில்லை.

"போட்டிருக்குதுங்க அக்கா. ஆனா குடிச்சுப்போடாதீங்க. அதுல விஷமிருக்குதுங்க."

பூவாத்தாள் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அத்தாச்சோட்டுப் பெரிய மிஷினு. அதுக்குக்கூடவா நல்லதையும் கெட்டதையும் பிரிக்கத் தெரியலீங்க?"

"அது நல்லாத்தான் பிரிச்சுதுங்க அக்கா," என்றாள் லின்சி. "நாங்கதான் மறுக்காச் சேத்துப்போட்டோம்."