கடைசி ஆள் வரும்வரை

மனிதன் இரண்டு காலில் நிற்கத் தொடங்கிப் பல லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கலாம். ஆனால் அந்தக் கால்களை முறைப்படி பயன்படுத்தக் கற்றுக்கொடுத்த பெருமை இங்கிலாந்தின் டெர்பிஷயரிலுள்ள ஆஷ்வெல்டன் நடைக் கழகத்தையே சேரும். கழகத் தலைவர் டெஸ்மண்ட், குடும்பங்களின் நலன் கருதி, 'குழந்தைகுட்டிகளோடு வரலாம், நடுவில் பப்பில் சாப்பாடு' என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நடையை அறிவித்தார். தமக்குக் குழந்தைகள் இல்லாததால் இந்த விஷயத்தில் அவரால் நடுநிலையோடு சிந்திக்க முடிந்தது.

அதை நம்பி வந்த ஒரே குடும்பம் பிரான்வெனும் அவளுடைய ஆறு வயது மகள் ஐவியும்தான். "பப்புல உக்காந்து சுடச்சுட உருளைக்கிழங்கு சிப்ஸ் சாப்பிடலாம்" என்று வாக்குக் கொடுத்துத்தான் மகளைப் படுக்கையிலிருந்து கிளப்பியிருந்தாள் பிரான்வென்.

கழகத்தின் தலையாய விதி மனிதாபிமானம் மிக்கது. யாரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஆகவே வேகமாக நடப்பவர்கள் வழியில் வயல்களுக்கு நடுவே வரும் ஒவ்வொரு வேலிக் கதவிலும் உட்கார்ந்து, தேநீர் குடித்து, கேக் தின்று, பின்தங்கியவர்களுக்காகத் 'தியாக உணர்வோடு' காத்திருப்பார்கள். எல்லோருக்கும் பின்னால் மோரீன் வருவார். தமக்குப் பின்னால் ஒருவரும் இல்லை என்று உறுதி செய்வதே அந்த அம்மாளின் பதவி.

முதல் கதவை ஐவி மூச்சிரைக்க வந்து தொட்டாள். டெஸ்மண்ட் முகம் மலர எழுந்தார்.

"எல்லாரும் வந்தாச்சா? நல்லது. கிளம்பலாம்!"

"இப்பதாங்க வந்தோம்," என்றாள் பிரான்வென்.

"ஆமா. உங்களுக்காகத்தான் இவ்வளவு நேரம் ஓய்வெடுத்தோம்."

"மன்னிச்சுக்குங்க," என்றாள் பிரான்வென். ஆஷ்வெல்டனில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துவிட்டால், மிதிபட்டவன் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்பதுதான் மரியாதை.

இரண்டாவது கதவிலும் இதே கதை. மூன்றாவதிலும் அதே.

"அம்மா, அவங்க எப்பப் பாத்தாலும் உக்காந்திருக்காங்க. நாம எப்பப் பாத்தாலும் நடக்கிறோம். ஏம்மா?"

பின்னால் வந்த மோரீன் சொன்னார்: "நான் வருஷக்கணக்கா கடைசியா வர்றேன் கண்ணு. அது என்ன கேக்குன்னுகூட இன்னும் எனக்குத் தெரியாது."

'கறுப்புக் கடா' பப்புக்குள் மூவரும் நுழைந்தபோது மற்றவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கணப்படுப்பருகே டெஸ்மண்டின் நாய் ஒரு தொத்திறைச்சியைத் தின்று முடித்திருந்தது. டெஸ்மண்ட் கண்ணாடிக் குவளையைக் கரண்டியால் தட்டி எழுந்தார்.

"ஒரு குழந்தையைக்கூட விட்டுட்டு வராத கழகம் நம்ம கழகம்!"

கைதட்டல் அடங்கியது.

"எல்லாரும் வந்தாச்சா? நல்லது. கிளம்பலாம்! மழைக்கு முன்னாடி மலை ஏறிடணும்."

"சிப்ஸ்?" என்றாள் ஐவி.

மன்னிப்புக் கேட்கத்தான் பிரான்வென் வாயைத் திறந்தாள். வாழ்நாளில் முதன்முறையாக அது வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது கோபம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க முன்னால போங்க. நாங்க பின்னாலயே வர்றோம்."

மோரீன் மலையைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். "கடைசி ஆள் இங்க இருக்கும்போது நான் எப்படிப் போறது? விதின்னா விதிதான்," என்று பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். சமையலறை மூடும் நேரம்; கடைசி சிப்ஸ் தட்டுகள் அவர்கள் மேஜைக்கு வந்தன.

மலைப்பாதையின் அடுத்த வேலிக் கதவு ஜன்னல் வழியாகவே தெரிந்தது. கிளம்பிப் போன கழகம் அங்கே விதிப்படி காத்திருந்தது. மழையும் வந்தது. முணுமுணுப்பது அநாகரிகம் என்பதால், "நல்ல குளுமையா இருக்கு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு நனைந்தார்கள். ஐவி கையசைத்தாள். அவர்களும் கையசைத்தார்கள்.

கடைசியில் பொறுமையிழந்த கழகம் சொட்டச் சொட்ட இறங்கி வந்தது.

"சூடா ஏதாவது..." என்று இழுத்தார் டெஸ்மண்ட்.

"சமையலறை மூடியாச்சுங்க," என்றார் பப்காரர்.

டெஸ்மண்ட் ஒரு நாற்காலியைப் பிடித்து, மெல்ல முதுகை வளைத்து உட்காரப் போனார். ஐவி விரலில் ஒட்டியிருந்த உப்பை நக்கிவிட்டு எழுந்து, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எல்லாரும் வந்தாச்சா? நல்லது. கிளம்பலாம்!"