வாத்துகள் சார்பாக மச்சானுக்கு

மரியாதைக்குரிய மச்சான் கியெம் அவர்களுக்கு,

வாய்க்கால் தண்ணீர் வாசல்படியில் வந்து உட்கார்ந்திருக்கும் வீட்டிலிருந்து துவான் பணிந்து எழுதுவது. இங்கே நானும் நாயும் நலம். அங்கே நீங்களும், பதினொரு நாளாக உங்கள் வீட்டிலிருக்கும் என் மனைவி லியுவும் நலம் என்று நம்புகிறேன்.

என் அப்பாவின் திதி விருந்தில் நடந்ததை உங்கள் தங்கை சொல்லியிருப்பாள். அரிசிச் சாராயம் மூன்று கிண்ணம் உள்ளே போனதும் உறவுக்காரர்கள் என்னை மிருகங்கள் மாதிரி குரல் கொடுக்கச் சொன்னார்கள், நானும் சேவலுக்கு ஒ ஓ ஒ, பன்றிக்கு உட் இட், தவளைக்கு உவோம் உவோம் என்று சபையே சிரிக்கக் கத்திக்கொண்டு வந்தேன், அதோடு நிறுத்தியிருக்கலாம், "உன் வீட்டுக்காரி எப்படிக் கத்துவா?" என்று எந்தப் பாவியோ கேட்க, நான் அவளைப் பார்த்துக்கொண்டே கப் கப் கப் என்று வாத்தாகிவிட்டேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லியு சோற்றுக் கிண்ணத்தை வைத்துவிட்டு அடுத்த படகில் ஏறிவிட்டாள்.

எனக்காக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், எல்லாம் வாத்துகளுக்காகத்தான். அறுத்த வயலில் மேய்கிற இருநூறும் லியு கரையில் நின்று "லிட் லிட் லிட்" என்றால்தான் வீடு திரும்பும். நான் கூப்பிட்டால் ஒன்றுகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவளுடைய ஓலைத்தொப்பியைப் போட்டு, குரலை மெல்லிசாக்கியும் கூப்பிட்டுப் பார்த்தேன். பொழுது சாயும் நேரத்தில் தண்ணீர் எது வானம் எது என்று தெரியாது மச்சான், என் குரல் எங்கேயோ மேகத்துக்குள்ள போய்ட்டு மெதுவாத் திரும்பி வருது, வரும்போது அவ குரலா வருது, நானும் "இதோ வந்துட்டேன்"னு பதில் சொல்லிடறேன். எதிர்க்கரை வீட்டுத் தாம் அக்கா அதைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். அது இப்போது வேண்டாம்.

கூரையில் ஒரு பெரிய பல்லி இருக்கிறதல்லவா, சாயங்காலமானால் அது தக்கே தக்கே என்று கத்துவதை எண்ணுகிறேன். ஒற்றைப்படையில் நின்றால் வருவாள், இரட்டைப்படை என்றால் இல்லை. நேற்று ஆறோடு நிறுத்திவிட்டது. ஏழாவதை நானே கத்தினேன்.

ஆகவே, வாத்துகளின் கஷ்டத்தை எடுத்துச் சொல்லி அவளை அனுப்பிவையுங்கள். உங்கள் வீட்டு ஊதுபத்திப் புகையில் முன்னோர் வந்தமர்ந்து எல்லோரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
வாத்துகள் சார்பில்,
துவான்

பி.கு.: வாத்தெல்லாம் முதல் நாளே என் குரலுக்கு வந்துடுச்சு, மச்சான். இப்பவும் தினம் ஒழுங்கா வருது. தாம் அக்கா சொன்னது இதுதான்: "வாத்துங்கதான் பட்டியில அடைஞ்சிடுச்சே, இன்னும் யாரக் கூப்பிட்டுக்கிட்டு நிக்கிற?" லியுகிட்ட இதை மட்டும் படிச்சுக் காட்டுங்க. மேல இருக்கறது வேண்டாம்.