ரெண்டரை டன்னும் பதினேழு மீட்டரும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எத்தனை கம்பெனி இருக்கிறதோ அத்தனையிலும் சல்லடை போட்டுத் தேடினாலும், காற்றுக்கும் எடை, அளவு, டெலிவரி சலான் எல்லாம் உண்டு என்று மனதார நம்பிய மனிதர் ஒரே ஒருவர்தான் அகப்படுவார். அவரை நாங்கள் ரெண்டரை டன் என்று கூப்பிட்டோம்.

அவர் ஓட்டிய, சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்டின் தகட்டில் அதிகபட்ச லோடு என்று பொறித்திருந்த எண் அது. அவருடைய சொந்த எடை நூற்று இரண்டு கிலோ. இதை நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. கிடங்கில் பெட்டிகளை எடை போடுகிற மேடையில் தினமும் ஷிப்ட் தொடங்கும்போது ஏறி நிற்பார். அச்சாகி வருகிற சீட்டைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்.

"நேத்திக்கு நூத்தி மூணு, தம்பி. இன்னிக்கு நூத்தி ரெண்டு. ரசத்தோட எய்ந்துட்டேன்."

நான் அப்போது கல்லூரியிலிருந்து நேராக வந்து, கார் கண்ணாடி செய்யும் கம்பெனி ஒன்றின் கிடங்கில் திட்டமிடல் மேசையில் உட்கார்ந்திருந்த புதுப் பொறியாளன். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை எக்செல் ஷீட் போடுவது. நானாக எடுத்துக்கொண்ட வேலை ரெண்டரை டன்னை வேடிக்கை பார்ப்பது.

ஆள் வடக்குப்பட்டுக்காரர். பதினைந்து வருடமாகக் கண்ணாடிப் பெட்டிகளைத் தூக்கி இறக்கியவர், ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனால் வண்டி ஓட்டுகிற வழக்கம் வண்டியை விட்டு இறங்கிய பிறகும் உடம்பை விடவில்லை. கேன்டீனில் மூலை திரும்பும்போது வாயால் 'பாம், பாம்' என்று ஹாரன் அடிப்பார். முன்னால் லோடு பார்வையை மறைத்தால் ஃபோர்க்லிஃப்டை ரிவர்ஸில் ஓட்ட வேண்டும் என்பது விதி. தட்டில் சோறு கோபுரமாக இருக்கும் நாட்களில் அவரும் பின்பக்கமாகவே நடந்து மேசைக்கு வருவார். வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு ரிவர்ஸில் வந்து, மாப்பிள்ளையின் தாய்மாமாவைப் பாயசத்தில் உட்கார வைத்தார் என்று சொல்வார்கள். அவர் மறுத்ததில்லை. "ஹாரன் அட்ச்சேன். அவருதான் நவுறல" என்பார்.

இப்படிப்பட்டவருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் ஸ்பெயினிலிருந்து வந்தது.

புது இயந்திரங்களை நிறுவ எங்கள் கம்பெனிக்கு ஒரு வெளிநாட்டுக்காரர் வந்திருந்தார். பெயர் யார் வாயிலும் நுழையாததால் அவருடைய நாட்டையே பெயராக வைத்துவிட்டார்கள். ஸ்பெயின் மொத்தமே ஐம்பத்தெட்டு கிலோ. வார நாட்களில் 'டேட்டா இல்லாமல் பேசாதே' என்று சுவரெல்லாம் எழுதி ஒட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக் கடற்கரையில் பட்டம் விடுவார். பட்டம் என்றால் நூலில் ஆடுகிற காகிதப் பட்டம் இல்லை. சதுர மீட்டரில் அளக்கிற துணிப் பட்டம். ஒரு அறையின் தரையை மூடும். அதன் கயிறுகளை இடுப்பு வாரில் மாட்டிக்கொண்டு, காலில் ஒரு பலகையோடு, பட்டம் இழுக்க இழுக்கக் கடல் மேல் வழுக்கிப் போவார்.

ஒரே ஒரு சிக்கல். பட்டம் எழும்பும் அந்த நிமிஷத்தில் அது ஸ்பெயினையும் சேர்த்து மணலிலிருந்து கிளப்பிவிடும். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே ஒரு நாள் கிடங்குக்கு வந்தவர் ஃபோர்க்லிஃப்டின் பின்பக்கம் இருக்கும் இரும்புக் கட்டியைப் பார்த்தார். முன்னால் தூக்குகிற லோடுக்கு எதிராக வண்டி கவிழாமல் பிடித்துக்கொள்கிற எடை அது. பிறகு, வண்டிக்குள் இருந்தவரைப் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ரெண்டரை டன் கடற்கரையில் ஸ்பெயினின் இடுப்பு வாரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நிற்கும் உத்தியோகத்தில் அமர்ந்தார்.

ஸ்பெயின் தமிழ் கற்றதும் அங்கேதான். "டன், காத்து கீதா?" என்பார். "கீது சார். ஆனா வுட்டு வுட்டு வருது" என்பார் இவர். பெயர் வாயில் நுழையாத ஒரு ஐரோப்பியர் வடக்குப்பட்டுத் தமிழில் வானிலை பேசுவதைக் கேட்க நானும் சில வாரங்கள் கூடப் போனேன்.

இரண்டு வருடம் எடைக்கல்லாக நின்றவர் ஒரு நாள், "சார், நானும் ஒரு தபா நின்னு பாக்கட்டா?" என்று கேட்டார். ஸ்பெயின் உடனே சம்மதித்தார். புதிதாகக் கற்பவர்களுக்குச் சின்னதுதான் பத்திரம் என்று ஒன்பது மீட்டர் பட்டத்தில் பழக்கினார். பட்டத்தைத் திருப்புவது வந்தது. அது இழுக்கிற இழுப்பில் தண்ணீரில் மிதந்து போவது வந்தது. பலகையில் நிற்பது மட்டும் வரவில்லை. நூற்று இரண்டு கிலோவை ஒன்பது மீட்டர் எப்படித் தூக்கும்? தண்ணீரிலிருந்து கால்வாசி எழுவார், யோசிப்பார், உட்கார்ந்துவிடுவார்.

அதற்குள் ஸ்பெயினின் ஒப்பந்தம் முடிந்தது. அவர் ரெண்டரை டன்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒன்பதை நான் எடுத்துப் போறேன். பன்னெண்டு, பதினேழு ரெண்டு கீது. ஒன்னு உன்க்கு. இன்னொன்னு பீச் ஸ்கூலுக்கு. மாசக் கடேசி ஞாயிறு நான் உன் கூட தண்ணில நிக்கிறேன். அப்புறம் நான் இல்ல."

அதாவது ஒரு பட்டம், ஒரு ஞாயிறு. பீச் ஸ்கூல் குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கடல் விளையாட்டு பழக்குகிற பள்ளி; நூற்று இரண்டு கிலோ அங்கே சேர்த்தியில்லை. அவர் போன பிறகு இவ்வளவு பெரிய மாணவருக்கு மார்பளவுத் தண்ணீரில் நின்று சொல்லித்தர இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. ரெண்டரை டன் அன்று மதியம் சோற்றைக் கோபுரமாகப் போட்டுக்கொள்ளவில்லை.

பட்டம் தேர்ந்தெடுக்கும் கணக்கு எளிது. ஆள் கனக்கக் கனக்கப் பட்டம் பெரிதாக வேண்டும். காற்று வலுக்க வலுக்கப் பட்டம் சிறிதாக வேண்டும். ஆளின் கனம் எடைச் சீட்டில் இருந்தது. காற்றின் கனம்தான் பாக்கி. ஸ்பெயினிடம், காற்றின் வேகத்தை 'நாட்' என்ற கப்பல்காரர் கணக்கில் காட்டுகிற, உள்ளங்கை அளவு காற்றுமானி ஒன்று இருந்தது. அதை இரவல் வாங்கி வந்தார். மூன்று வாரம், தினமும் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனிக்குள் இரண்டு ஷெட்டுகளுக்கு நடுவே கன்டெய்னர் வருகிற சந்தில் நின்று அளந்தார்.

"அண்ணே, இது ஒரகடம். நீங்க நிக்கப்போறது கடல்ல."

"காத்து எங்கேர்ந்து வருது, தம்பி?"

"கடல்லேர்ந்து."

"வர்ற வழியில சரக்கு குறையுமா, கூடுமா?"

"குறையும்."

"இங்க பதினெட்டு எறங்குது. அப்போ அங்க லோடு பண்ணும்போது இன்னா இருந்திருக்கும்? பதினெட்டுக்குக் கம்மியாவா ஏத்தியிருப்பான்?"

எட்டு மாதம் கிடங்கில் வேலை பார்த்த எனக்கும் இந்தக் கணக்கு சரியாகவே பட்டது. அனுப்பிய சரக்கு வழியில் குறைந்துதான் வரும். கூடி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. நான் உற்சாகமாகி, அவர் அளந்ததையெல்லாம் எக்செலில் ஏற்றி, நீலக் கோட்டில் வரைபடமும் போட்டுக் கொடுத்தேன். நூற்று இரண்டு கிலோ, பதினெட்டு நாட் காற்று: பன்னிரண்டு மீட்டர் போதும் என்றது வரைபடம்.

"பதினேழு வேணாம்பா" என்று அவரும் சொல்லிவிட்டார். "பெரிய வண்டி சந்துல திரும்பாது."

ஸ்பெயின் இரண்டு பைகளையும் பார்த்தார், இவரையும் பார்த்தார். "டன், பன்னெண்டா?"

"சார், டேட்டா கீது."

சுவரெல்லாம் எழுதி ஒட்டியவர் அவரேதான். வாயை மூடிக்கொண்டு பன்னிரண்டைக் கொடுத்தார். ரெண்டரை டன் ஒர்க்‌ஷாப்பில் சொல்லி ஓர் அலுமினியத் தகடு வெட்டி, 'அதிகபட்ச லோடு 102 கி' என்று பொறித்து, பட்டப் பையின் மேல் ரிவிட் அடித்துவிட்டார்.

மாதக் கடைசி ஞாயிறு, சிங்கப்பெருமாள் கோவில் பாலம் ஏறி இறங்கி, திருப்போரூர் வழியாக வேனில் கடற்கரைக்குப் போனோம். திரும்பும் வழியில் பள்ளியில் இறக்க வேண்டிய பதினேழும் வேனில் இருந்தது. மதியம் இரண்டரைக்குக் கடற்காற்று வந்தது. ரெண்டரை டன் காற்றுமானியோடு கையை நீட்டி அளந்தார்.

பதின்மூன்று.

தட்டிப் பார்த்தார். பன்னிரண்டரை. என்னிடம் கொடுத்தார். பதின்மூன்று.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. இரண்டு ஷெட்டுக்கு நடுவே குறுகிய வழியில் நுழைகிற காற்று வேகம் பிடிக்கும். இதைத் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்குப் படம் போட்டு எழுதியிருக்கிறேன். போதாக்குறைக்கு, அந்தச் சந்தில் நிற்கிற செக்யூரிட்டி தொப்பியை எப்போதும் கக்கத்தில்தான் வைத்திருப்பார். மூன்று வாரம் அதைப் பார்த்துக்கொண்டே நீலக் கோடு போட்டிருக்கிறேன்.

ஆனாலும் அவர் இறங்கினார். ஸ்பெயின் மார்பளவுத் தண்ணீரில் கூடவே நின்றார். பட்டம் பாய்ந்தது, இழுத்தது. இவர் முழங்கால் வரை எழுந்தார், பட்டம் களைத்தது, உட்கார்ந்தார். இப்படிப் பதினோரு முறை. ஒவ்வொரு முறையும் ஸ்பெயின் பலகையைத் தேடி எடுத்துவந்து காலில் மாட்டிவிட்டார். மணி நாலரை. இன்னும் ஒரு மணி நேரத்தில் காற்று படுத்துவிடும்.

ஸ்பெயின் வேனைக் காட்டினார். "டன். பதினேழு."

ரெண்டரை டன் கரையேறி உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "வேணாம் சார். எடுத்தது நானு. மெட்டீரியல் இஷ்யூ ஆயி கைக்கு வந்துட்ச்சி. அத்த மாத்தினா ஸ்டாக் கலஞ்சி பூடும். அது ஸ்கூல் புள்ளைங்களுது."

கண் சிவந்திருந்தது. உப்புத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம்.

"அண்ணே, டேட்டா தப்பு" என்றேன். சந்து, ஷெட்டு, செக்யூரிட்டி தொப்பி எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டார்.

"ரீடிங் எடுத்தது யாரு?"

"நீங்க."

"கோடு போட்டது?"

"நான்."

"அப்போ ரெண்டு பேரும் கையெய்த்துப் போடணும். ரிஜெக்‌ஷன் நோட் எய்து."

வேனில் கிடந்த அவர் சட்டையின் பையிலிருந்து ஒரு எடைச் சீட்டை எடுத்து, அதன் பின்பக்கம் எழுதினேன். பொருள்: பட்டம், 12 மீ. காரணம்: காற்று குறைவாக வந்தது.

எட்டிப் பார்த்தவர் என் கையைப் பிடித்தார். "காத்து மேல பழி எய்தாத தம்பி. அது எப்பவும் போலத்தான் வந்துச்சி."

அடித்துவிட்டு, 'அளந்த இடம் தவறு' என்று எழுதினேன். நான் கையெழுத்திட்டேன், அவர் கையெழுத்திட்டார், அனுப்பியவர் என்ற முறையில் ஸ்பெயினும் இட்டார். அதன் பிறகுதான் ரெண்டரை டன் பதினேழு மீட்டர் பட்டத்தைத் தொட்டார்.

அதைப் பம்பால் காற்றடித்து விரித்தபோது வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். "இன்னா சார், பந்தல் போடறீங்களா? யாரு வூட்ல விசேஷம்?" என்றார் ஒருவர். ரெண்டரை டன் கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய பட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. சொன்னதும் திரும்பாது. லாரி யு-டர்ன் அடிக்கிற மாதிரி, நிதானமாக, வானத்தில் பாதியை எடுத்துக்கொண்டுதான் திரும்பும். அவசரக்காரர்கள் பொறுமையில்லாமல் பிடியை வெடுக்கென்று இழுப்பார்கள். பட்டம் மிரண்டு தண்ணீரில் விழும். நானும் ஒரு முறை விழ வைத்திருக்கிறேன். ரெண்டரை டன் பதினைந்து வருடம் கண்ணாடி தூக்கியவர். பிடியை ஒரு விரல் நகர்த்திவிட்டுக் காத்திருந்தார். பட்டமும் யோசித்தது. பிறகு திரும்பி, காற்றைப் பிடித்து அவரை இழுத்தபடி இறங்கியது.

தலை, தோள், இடுப்பு என்று அவர் தண்ணீரிலிருந்து வரிசையாக வெளியே வந்தார். முழங்கால் வந்தது. பாதம் வந்தது. பலகை வந்தது. நின்றார். நின்றபடியே போனார். அவ்வளவு பெரிய உடம்பு அத்தனை சத்தமில்லாமல் நகர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வலைக்காரர்களும் தண்ணீர் விளிம்பு வரை வந்துவிட்டார்கள். ஸ்பெயின் மார்பளவுத் தண்ணீரில் கையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கைப்பேசியில் நேரம் பார்த்தேன். இருபத்திரண்டு விநாடி. அதற்கு மேலும் போயிருப்பார் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எப்படி நிறுத்துவது என்று எங்களில் யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. கரையில் ஏற்றிவைத்திருந்த படகு ஒன்று மறைத்ததால் நான் மேலே எண்ணவில்லை. பக்கத்துக் குப்பத்தில் கரையேறி, அந்தப் பந்தலைத் தோளில் சுமந்துகொண்டு ஒரு கிலோமீட்டர் நடந்தே வந்தார். வந்ததும் என் கைப்பேசியை வாங்கி வீட்டுக்குப் பேசினார்.

"நான்தாம்மே. நின்னுட்டேன்." கொஞ்ச நேரம் கேட்டார். "தரையில இல்ல, தண்ணி மேல." இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். "இல்லமே, குடிக்கல."

ஸ்பெயின் அந்த வாரமே ஊருக்குப் போனார். பன்னிரண்டு மீட்டர், தகடோடு, பள்ளிக்குப் போனது; பதினேழு ரெண்டரை டன்னிடம் தங்கியது. நானும் அடுத்த வருடம் வேலை மாறிவிட்டேன். இப்போது இருப்பது கடலே இல்லாத ஊர். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் ஓர் இலைகூட அசையாமல் புழுங்கும்போது அறையில் இருக்கிறவர்கள் வெயிலைத் திட்டுவார்கள். நான் திட்டுவதில்லை, அந்தக் குப்பத்துப் பக்கம் மட்டும், ரெண்டரை டன்னுக்காக, ஒரு பதின்மூன்று நாட் காற்றாவது அடிக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்வேன்.