சராசரிச்சாமி

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது பெரிய காரியம்தான். அதைவிடப் பெரிய காரியம், இருப்பதையெல்லாம் கூட்டித் தலைக்கு இத்தனை என்று வகுக்கக் கற்றுக்கொண்டது. நெருப்பு சமயத்தில் சுட்டுவிடும். சராசரி யாரையும் சுட்டதாகச் சரித்திரம் இல்லை. இந்தப் பேருண்மையைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக் கொல்லிமலை அடிவாரம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்த பெருமை, சுகாதார இன்ஸ்பெக்டர் கந்தவேல், பி.ஏ. அவர்களையே சாரும்.

அவருக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டர்கள் காய்ச்சல்காரனைக் கண்டால் நாக்கை நீட்டச் சொல்வார்கள். பார்த்துவிட்டு மருந்து கொடுத்துவிடுவார்கள். எவ்வளவு அநாகரிகமான முறை! கந்தவேல் சென்னைப் பட்டணத்தில் மூன்று மாதம் 'புள்ளிவிவரப் பயிற்சி' பெற்றுத் திரும்பியவர். அவர் ஆளைப் பார்க்கமாட்டார், எண்களின் 'பரவலை'ப் பார்ப்பார். தனி மனிதன் என்பவன் கூட்டல் கணக்கில் ஒரு வரி என்பது அவருடைய தாழ்மையான அபிப்பிராயம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம், ஐப்பசி மழைக்குப் பிறகு, சேந்தமங்கலத்துக்கு அப்பால் நுணாப்பட்டியில் குளிர்காய்ச்சல் கண்டது. மேலிடம் யோசித்து ஓர் உத்தரவு போட்டது. எந்த ஊரின் சராசரிச் சூடு நூறு டிகிரியைத் தாண்டுகிறதோ, அந்த ஊருக்குக் குளிர்காய்ச்சலைத் தணிக்கும் கொயினா மாத்திரைப் பெட்டி ஒன்று வழங்கலாம். பெட்டி கந்தவேலின் சைக்கிள் கேரியரில் இருந்தது. சாவி சராசரியிடம் இருந்தது.

நுணாப்பட்டியில் அறுபது பேர். அத்தனை பேர் வாயிலும் தெர்மாமீட்டரை வைத்து எடுத்தார் கந்தவேல். பதினைந்து பேருக்கு நூற்று நான்கு டிகிரி கொதித்தது. மற்ற நாற்பத்தைந்து பேருக்கும் சுத்தமான தொண்ணூற்றெட்டே நான்கு. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கூட்டினார், வகுத்தார். தொண்ணூற்றொன்பதே எட்டு வந்தது. ஊர் தப்பித்தது என்று அவர் மனசார மகிழ்ந்தார்.

கடலைக்காட்டில் கூலி வேலை செய்யும் அங்கமுத்து துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தான். அவன் பெண்டாட்டி பொன்னாயி அந்த நூற்று நான்கில் ஒருத்தி.

"ஏனுங்க சாமி, மாத்தர கெடைக்குங்களா?"

"கிடைக்காதப்பா. சராசரிக்குக் காய்ச்சல் இல்லை."

அங்கமுத்து சுற்றுமுற்றும் பார்த்தான். "சராசரிங்கறது யாருங்க? எங்கூருல அப்பிடி ஒருத்தரும் இல்லீங்களே."

"இருக்கிறார். எல்லா ஊரிலும் இருக்கிறார். கண்ணுக்குத்தான் தெரியமாட்டார்."

"அவரு சொன்னாத்தான் மாத்தரைங்களா?"

"அவருக்குக் காய்ச்சல் நூறைத் தாண்ட வேண்டும். அப்போதுதான் பெட்டியைத் திறக்கலாம்."

"எம் பொஞ்சாதிக்கு நூத்தி நாலுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"சொன்னேன். ஆனால் அவள் கூட்டத்தை விட்டு விலகி நிற்கிறாளே."

"எங்கீங்க வெலகிப் போனா? எந்திரிக்கவே முடியாம ஊட்டுக்குள்ளதானுங்க கெடக்கறா."

கந்தவேலுக்குக் கோபம் வரவில்லை. படிப்பில்லாதவர்களிடம் அவருக்கு எப்போதும் இரக்கம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத சராசரியை நம்பமாட்டேன் என்கிறானா, கண்ணுக்குத் தெரிகிற 'நடு ஆளை'க் காட்டிவிடுவோம் என்று தீர்மானித்தார். சூடு குறைந்தவர் முதல் கூடியவர் வரை ஊரையே வரிசையாக நிற்கச் சொன்னார். காய்ச்சல்காரர்கள் அவரவர் பாயில் படுத்தபடியே வரிசையின் கடைசியில் 'நின்றதாகக் கொள்ளப்பட்டது'. ஒரே சூட்டில் இருந்த நாற்பத்தைந்து பேரில் யார் எங்கே நிற்பது என்று தகராறு வந்தது. ஊர் மணியக்காரர் வேலுமணி, மாரியம்மன் பண்டிகையில் தனக்கு எந்த இடமோ அந்த இடம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து நட்டநடுவில் போய் நின்றுகொண்டார். காலையில் ஆறு களி உருண்டையும் கொள்ளுப்பருப்பும் சாப்பிட்டிருந்த திடகாத்திரமான மனிதர்.

கந்தவேல் அவர் தோளில் கை வைத்தார். "பார் அங்கமுத்து. சராசரியை விட்டுவிடு. இவர்தான் நடு. உன் ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டால், இவரைப் போல இருக்கிறது என்று சொல்லிவிடலாம்."

மணியக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"அவருதான் ஊருன்னா, எம் பொஞ்சாதி எந்த ஊருங்க?" என்று கேட்டான் அங்கமுத்து.

இந்தக் கேள்விக்குப் பயிற்சியில் பதில் சொல்லித் தரவில்லை. ஆகவே கந்தவேல் புன்னகை செய்தார். ஒரு மாதம் கழித்து மறுபடி வந்து அளந்து பார்ப்பதாக வாக்களித்து, பெட்டி குலுங்காமல் சைக்கிளை மெதுவாக மிதித்துக்கொண்டு புறப்பட்டார்.

நுணாப்பட்டிக்காரர்கள் கூடி யோசித்தார்கள். எல்லா ஊரிலும் இருக்கிறார். கண்ணுக்குத் தெரியமாட்டார். அவர் மனசு வைத்தால்தான் மருந்து. இப்படிப்பட்டவர் யார் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாளாய்க் கும்பிடாமல் விட்டுவிட்டோமே என்ற வருத்தம்தான். மறுநாளே வேப்பமரத்தடியில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினார்கள். அங்கமுத்து தன்னிடமிருந்த ஒரே சேவலை அறுத்தான். "சராசரிச்சாமி, எப்பிடியாவது ஒனக்கு நூறு டிகிரி காச்ச வரோணும்" என்று விழுந்து கும்பிட்டான். காய்ச்சல் வரட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்ட ஊர் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். சாமி அசையவில்லை. பொன்னாயிதான் விட்டு விட்டு நடுங்கினாள். அவளைப் போர்த்தியிருந்த சாக்கு, அவளுக்கு முன்னால் நடுங்கியது போலிருந்தது. அங்கமுத்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சொன்ன சொல் தவறாமல் கந்தவேல் கார்த்திகையில் வந்தார். ஊர் அமைதியாக இருந்தது. முனகல் இல்லை, நடுக்கம் இல்லை. அவருக்கு முகம் மலர்ந்தது. அளந்தார். நாற்பத்தெட்டு பேர், தானாகத் தேறிவிட்ட மூன்று காய்ச்சல்காரர்கள் உட்பட எல்லோருக்கும் தொண்ணூற்றெட்டே நான்கு. பன்னிரண்டு பேரைக் காணவில்லை.

"மற்றவர்கள் எங்கே?" என்று அங்கமுத்துவைக் கேட்டார்.

"காட்டுக்குப் போயிட்டாங்க சாமி."

கந்தவேல் துள்ளிக் குதிக்காத குறை. அந்தப் பக்கத்தில் காடு என்றால் மானாவாரி நிலம். கடலை பறிக்கவும் சோளம் அறுக்கவும் எல்லோரும் 'காட்டுக்கு'த்தான் போவார்கள். இந்த வழக்கு அவருக்குத் தெரியும்.

"உன் பெண்டாட்டி?"

"அவதானுங்க மொதல்ல போனா."

"பார்த்தாயா, மாத்திரை இல்லாமலே எழுந்து போய்விட்டாள்."

வேலைக்குப் போகிறவருக்குக் காய்ச்சல் இருக்க முடியாது என்ற விஞ்ஞான நியாயப்படி, பன்னிரண்டு பேருக்கும் தொண்ணூற்றெட்டே நான்கு என்று கந்தவேல் பதிந்துகொண்டார். கூட்டி வகுத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சராசரி தொண்ணூற்றெட்டே நான்கு. நடுவும் அதுவே. அதிகம் பேருக்கு வந்திருப்பதும் அதுவே. உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையிலுள்ள வீச்சு சுத்தப் பூச்சியம். இத்தனை ஒழுங்கான பரவலைப் பயிற்சிப் புத்தகத்தில்கூட அவர் பார்த்ததில்லை. ஒரு மாத்திரைகூடச் செலவில்லாமல் ஓர் ஊரைக் குணப்படுத்திய இன்ஸ்பெக்டர் என்று மேலிடம் தன்னைப் பாராட்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. (பாராட்டியது. பதவி உயர்வும் வந்தது.)

"அவர்கள் காட்டிலிருந்து திரும்பியதும் நான் விசாரித்ததாகச் சொல்" என்று சைக்கிளைத் திருப்பினார்.

"திரும்பறதுக்கு அவிங்க நடந்து போகலீங்க சாமி. நாங்கதான் ஒவ்வொருத்தரா தூக்கிக்கிட்டுப் போயி மண்ணு தள்ளிட்டு வந்தோமுங்க."

கந்தவேலின் கால் பெடலில் நின்றது. கேரியரில் பூட்டு உடையாத பெட்டி. எதிரே மஞ்சள் உலர்ந்த கல்.

அங்கமுத்து அதை நோக்கிக் கையைக் காட்டினான்.

"அவருக்கும் அந்தக் கண்ணாடிக் குச்சிய வெச்சுப் பாத்துட்டுப் போயிருங்க. காச்சக்காரங்க பன்னண்டு பேரு போயிட்டாங்க. உங்க சராசரி மட்டும் கல்லாட்டம் இருக்கறாருங்க."