ப்ளூடூத்தை அணைத்தேன், கேக் தின்றேன்

கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் மாமனார் வீட்டு விசேஷத்தில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும். நான் உட்காரவில்லை.

மாமனார் ஏற்காட்டில், கிளியூர் பக்கம் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். மச்சினி ஸ்டெல்லாவைப் பார்க்கச் சேலத்திலிருந்து மாப்பிள்ளையின் பெற்றோர் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை சிங்கப்பூரில். அவரும் ஸ்டெல்லாவும் வீடியோவில் தனியாகப் பேசிப் பிடித்துவிட்டால் அன்றைக்கே கல்யாணத்தைப் பேசி முடிப்பதாக ஏற்பாடு. முன்பு வந்த வரன்கள் கைநழுவியதில் மாமனார் அரண்டு போயிருந்தார். "நான் பாத்துக்கறேன் மாமா" என்று லேப்டாப்பைத் திறந்தேன். (இப்படிச் சொல்லி நான் கெடுக்காத காரியம் குறைவு.)

என் லேப்டாப்பின் வைஃபை டிரைவர் மென்பொருளில் ஒரு கோளாறு. ப்ளூடூத்தும் கூடவே ஓடினால் வைஃபை படுத்துவிடும். சரிசெய்யச் சோம்பல்பட்டு ஒரு குறுக்குவழி வைத்திருந்தேன்: ப்ளூடூத்தை அணைத்தால் எழுந்துகொள்ளும்.

பேச்சு ஆரம்பித்ததுமே மாப்பிள்ளை வாயைத் திறந்தபடி உறைந்து போனார். ஸ்டெல்லா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். ப்ளூடூத்தை அணைத்தேன். மாப்பிள்ளை அசைந்தார். பெருமையோடு வெளியே வந்தேன்.

ஸ்டெல்லாவின் காதிலிருந்தது ப்ளூடூத் இயர்போன் என்பது எனக்கு நினைவில்லை. காலை ஜெபப் பாட்டுக்காக லேப்டாப்பிலிருந்து வாசல் ஸ்பீக்கருக்கு வயர் இழுத்ததும் நான்தான். இயர்போன் அணைந்தால் சத்தம் அந்த வயரில்தான் போகும் என்பதும் நினைவில்லை.

வாசலில், காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் செய்த பிளம் கேக்கைத் தட்டுத் தட்டாகக் கொடுத்து முடித்திருந்தார். அப்போது ஸ்பீக்கர் பேசியது.

"எங்கம்மா கேக் கொண்டாந்திருப்பாங்க. கல்லாட்டம் இருக்குங்க. ஊற வெச்சு முழுங்கிட்டு நல்லாருக்குன்னு சொல்லிருங்க. எங்கப்பா கண்ணாலம் ஆன நாள்லிருந்து அப்படித்தான் பொழைக்கறாரு."

களத்தில் ஒருவரும் மெல்லவில்லை.

"ஏனுங்க, நெசமாங்களா?" என்று அந்தம்மா கணவரைக் கேட்டார். அவர் காப்பியில் முக்கியிருந்த துண்டை மெதுவாக வெளியே எடுத்தார்.

மாமனார் என்னைப் பார்த்தார். என்னால் ஸ்டெல்லாவின் கல்யாணம் நின்றுவிட்டால் இந்த வீட்டில் எந்த முகத்தோடு நுழைவது? ஓடிப்போய் வயரைப் பிடுங்கிவிட்டு வந்து, அடுத்த குறுக்குவழியைப் பிடித்தேன்.

"தம்பி விளையாட்டுக்குச் சொல்றாருங்க. இந்த மாதிரி கேக்கை நான் சாப்பிட்டதே இல்லீங்க" என்று (பொய்யில்லை) என் துண்டைக் கடித்தேன். தாடை கதறியது. முடித்துவிட்டு மனைவியின் தட்டிலிருந்ததையும் எடுத்துத் தின்றேன்.

அந்தம்மாவின் முகம் மெல்ல மலர்ந்தது. "சாமிக்கு நொம்பப் புடிச்சிருச்சாட்ட இருக்குது" என்று என் கன்னத்தைத் தடவினார். சாயங்காலத்துக்குள் கல்யாணம் பேசி முடிந்தது.

அந்த லேப்டாப்பை எப்போதோ தூக்கிப்போட்டுவிட்டேன். அந்தம்மா தன் வீட்டாருக்குக் கேக் செய்வதை அன்றோடு நிறுத்திவிட்டார். இப்போதும் அவர் கணவர் என்னைக் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். ஆனால் அந்தம்மா கிறிஸ்துமஸ் தவறாமல் ஒரே ஒரு கேக் செய்து, குப்பனூர் வழியாக மலைக்கு பஸ் ஏறி, மாமனார் வீட்டுக்கு எனக்கென்று அவரே கொண்டுவருகிறார். நான் சாப்பிடுவதைப் பார்க்கக் குடும்பமே சுற்றி உட்கார்ந்துகொள்கிறது.

"மாமா, ப்ளூடூத்தை ஆஃப் பண்ணிட்டீங்களா?" என்று ஸ்டெல்லா வருஷா வருஷம் கேட்கிறாள்.

பதில் சொல்ல ஆசைதான். வாயில் கேக் இருக்கிறது.